சடையனுக்கு ஒன்று

தண்ணீரின் கோட்டில் மேடுகள் இருந்தன.

தவறான கோப்பைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து இலக்கியா மூடினாள். மறுபடி திறந்தாள். கோப்பின் பெயர் சரியாகத்தான் இருந்தது. பூஜ்யம். மற்ற கோடுகளுக்கெல்லாம் மனிதர்களின் பெயர். இந்த ஒன்றுக்கு மட்டும் எண்.

அவளுடைய வேலை படம் போடுவது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூரில், ஆட்களின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்து, சிறு குப்பிகளில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு கம்பெனி அவற்றின் மரபணுவைப் படித்துக் கோப்புகளாக அனுப்பும். இலக்கியா அவற்றை மென்பொருளில் திறப்பாள். ஓர் ஆளுக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் கூரிய மேடுகள், ஓர் எழுத்துக்கு ஒரு மேடு. ஏ என்றால் பச்சை, சி நீலம், ஜி கருப்பு, டி சிவப்பு. கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, வேறுபடும் இடங்களுக்கு நிறம் கொடுத்து, அறிக்கையில் சேர்க்கிற மாதிரி படமாக்கித் தர வேண்டும்.

எல்லாத் தொகுப்பிலும் ஒரு குப்பியில் வெறும் தண்ணீர் வைப்பது வழக்கம். அதில் ஆள் இல்லை. ஆகவே அதன் கோடு பரம்படித்த வயல் போலத் தட்டையாகக் கிடக்க வேண்டும். அது தட்டையாகக் கிடந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். மேடு தெரிந்தால் யாருடைய எச்சிலோ கலந்துவிட்டது என்று பொருள். மொத்தத் தொகுப்பும் குப்பைக்குப் போகும்.

எச்சில் கலந்த மேடுகளை அவள் பார்த்திருக்கிறாள். குட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அலங்கோலமாக இருக்கும். இவை அப்படி இல்லை. உயரம் ஒத்து, இடைவெளி ஒத்து, தெளிவாக நின்றன. தெறித்து விழுந்தது போல இல்லை. யாரோ உட்கார்ந்து, வாயைத் திறந்து, நிதானமாகக் கொடுத்தது போல இருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையைப் பார்த்த மாடி வீடு. சன்னலோரம் பிளாஸ்டிக் மேசை, அதன்மேல் மடிக்கணினி. நான்கு நாளாகக் காயாத துணியின் வாடையும் கீழ்வீட்டில் வதங்குகிற வெங்காயத்தின் வாசமும் அறையில் கலந்து நின்றன. சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர்ந்து போனது. இடஒதுக்கீட்டில் எங்கள் பங்கைக் கொடு, பங்கைக் கொடு என்று அது சொல்லிக்கொண்டே போய், பேருந்து நிலையத்துப் பக்கம் திரும்பிய பிறகும் கேட்டது.

வீட்டுக்காரர் நாராயணசாமி படியேறி வந்து வாசலிலேயே நின்றார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

“இன்னாம்மா, நாளையிலருந்து மறியல். பாலு, காயி இன்னா வேணுமோ இன்னிக்கே வாங்கி வெச்சிக்க.”

“எத்தினி நாளுங்க?”

“குடுக்கற வரைக்கும்.” அவர் பார்வை திரைக்குப் போனது. “இன்னா இது, ஈசிஜியா?”

“மலைக்காரங்களோட டிஎன்ஏங்க.”

“இதுல சாதி தெரியுமா?”

“அதெல்லாம் தெரியாதுங்க.”

“அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ கலரு? தலைய எண்ணு, எண்ணிப் பங்கு குடுன்னு நாங்க தொண்ட கிழியக் கத்திக்கினு இருக்கோம். நீ குந்திக்கினு கோலம் போட்டுக்கினு இருக்க.” சிரித்தார். பிறகு விரலை நீட்டினார். “அந்தக் கடசி ஆளு யாரு, பேரே இல்ல?”

“அது தண்ணிங்க.”

“தண்ணிக்கு எதுக்கும்மா இத்தினி மேடு பள்ளம்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார்.

*

ஆய்வை நடத்துகிற தெய்வசிகாமணி சாரை அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“யாரோடதாவது ஒத்துப் போவுதா பாரு,” என்றார்.

“பாத்துட்டேன் சார். ஊர்ல யாரோடதும் இல்ல. என்னுதும் இல்ல.”

சரிபார்ப்பதற்கென்று தெரிந்த ஆளின் கோடு ஒன்றும் தொகுப்பில் இருக்கும். அது எப்போதும் இலக்கியாவின் கோடுதான். பூஜ்யத்துக்கு நேர்மேலே அதன் இடம்.

“நீ தொடல, ஊர்ல யாரும் தொடல. அப்பறம் தண்ணியில எப்பிடிம்மா ஆளு வந்தான்?”

அவள் திரையை ஒருமுறை மேலும் கீழும் உருட்டினாள்.

“இதப் பாரு. நாளான்னிக்கு ரிப்போர்ட் போவணும். தண்ணிக் குப்பி, அந்த பிளாங்க், கெட்டுப் போச்சுன்னு எழுதுனா ப்ராஜெக்ட்ட மூடிடுவான். ஒன் வேலையும் போயிடும், அத நான் சொல்லத் தேவையில்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “படம் போடறது நீதான. பாத்துப் போடு.”

அவள் கணவன் இளஞ்செழியன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் தற்காலிகக் கூலி. கரும்பு அரவை நடக்கும்வரை அங்கேயே தங்குவான், அது முடிந்தால் அவனுக்கு வேலை இல்லை. பெண் யாழினிக்கு ஒன்றாம் வகுப்பு. இலக்கியாவின் சம்பளத்தில்தான் வாடகை.

தண்ணீர்க் குப்பியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். சாரிடம் சொல்லவில்லை.

ஆள் போதாமல் அவளும் எச்சில் எடுக்கப் போயிருந்த அன்று மலையில் வெயில். கடுக்காய் காய்ந்துகொண்டிருந்த களத்தில் ஊரே கூடியிருந்தது. குச்சியை வாய்க்குள் விட்டு அழுத்திச் சுற்றும்போது வெளியே கன்னம் புடைக்கும். அந்தப் புடைப்பு மெல்ல வட்டமாக நகரும். அதைப் பார்த்து நிர்மலா என்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவர் பிச்சைமுத்து பல்லில்லாத வாயைத் திறந்தபடி, “எச்சக் குடுத்தா இன்னா குடுப்பீங்க?” என்று கேட்டார். கமலா கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

கடைசி வீடு சின்னப்பொண்ணுவுடையது. அவள் வாயைத் திறக்கவில்லை.

“எனக்கு இன்னாத்துக்கு? என்னுத என் புள்ளைக்கு எடு.”

அவள் மகன் சடையன் மரம் வெட்டக் கூலிக்கு ஆந்திரா போனவன். கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குள் சுவரோரம் அவனுடைய பாய் விரித்தபடி கிடந்தது. தலைமாட்டில் சாமைக் கஞ்சி, ஒரு கிண்ணத்தில், ஆடை கட்டிப் போய்.

“எங்க வூட்ல எது பங்கு வெச்சாலும் வராதவனுக்கு ஒண்ணு வெப்போம். மொதப் பங்கு,” என்றாள் சின்னப்பொண்ணு. “அவனுக்கு எடு.”

ஜீப் ஓட்டி வந்த பச்சமுத்து இலக்கியாவின் காதருகே, “சும்மா எடுத்த மாரி எடுத்துடுங்க மேடம், பொழுது போவுது,” என்றார்.

அவள் பாயருகே மண்டியிட்டாள். தலை இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில், குச்சியை நீட்டி வட்டமாகச் சுற்றினாள். சின்னப்பொண்ணு பார்த்துக்கொண்டே இருந்ததால் மற்றவர்களுக்குச் சுற்றிய அளவு சுற்றினாள். குப்பியில் விட்டு மூடினாள். மேலே சடையன் என்று எழுதினாள். கிளம்பும்போது சின்னப்பொண்ணு அவள் கையைப் பிடித்தாள்.

“தொலச்சிடாத. பங்குல ஆள வுட்டா, ஆளு பங்கத் தேடி வருவான்.”

வழியில் பெட்டி குலுங்கித் தண்ணீர்க் குப்பி விரிசல் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது உபரியாக இருந்தது சடையனின் அந்த ஒரு குப்பிதான். ஒன்றும் படாத குப்பி. அவள் உலர்ந்த பஞ்சைத் தூக்கி எறிந்தாள். தண்ணீர் ஊற்றினாள். பெயரைத் துடைத்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினாள்.

*

சாயங்காலம் யாழினி வந்து மேசையில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என் கோடு எங்கம்மா?”

“இதான். எனக்கும் ஒனக்கும் ஒண்ணுதான். இந்த எடத்துல மட்டும் அம்மாவுக்கு இன்னா எழுத்தோ அதான் புள்ளைக்கும்.”

“அப்பாவுக்கு?”

“அப்பாவுக்கு அவங்கம்மா, ஒங்க ஆயாவோடது.”

யாழினி பூஜ்யத்தின் கோட்டைப் பார்த்தாள். “இவருக்கு?”

“அது ஆளில்ல. போயி எழுது போ.”

பெண் அடுத்த அறைக்குப் போனதும் அவள் வேலையை ஆரம்பித்தாள். மேடுகளைத் தேர்ந்தாள், அழித்தாள். தேர்ந்தாள், அழித்தாள். பச்சை போனது, நீலம் போனது. மவுசின் சொடுக்கல் ஒலி மழைநீர் தகரத்தில் சொட்டுவதோடு சேர்ந்து சீராகக் கேட்டது. கடைசி மேடு கருப்பு. அது போனதும் கோடு நேராகக் கிடந்தது. எப்போதும் நகலெடுத்துத்தான் திருத்த வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லித்தந்தார்கள். அவள் எப்போதும் அப்படிச் செய்வதில்லை. அசல் கோப்பின் மேலேயே சேமித்தாள்.

அடுத்த அறையிலிருந்து யாழினி, “அம்மா, வாயெல்லாம் பஞ்சு மாரி கீது,” என்றாள்.

“தண்ணி குடி.”

*

மறியலின் முதல் நாள் காலை ஊர் சத்தமில்லாமல் விடிந்தது. பேருந்து இல்லை, லாரி ஒலி இல்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றி வந்த டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாக நின்றன. நனைந்த கரும்பின் புளித்த வாடை மாடி வரை வந்தது. பேச்சுக்குரல் தூரத்தில் எழுந்து அடங்கியது. அந்த அமைதியில் குளிர்ப்பெட்டியின் உறுமல் இதுவரை இல்லாத அளவுக்குப் பெரிதாகக் கேட்டது. அலுவலகம் மூடியிருந்ததால், கம்பெனி திருப்பி அனுப்பிய குப்பிகளை அதில்தான் வைத்திருந்தாள், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால்.

படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று திறந்தாள்.

மேல் வரிசையில் பிச்சைமுத்துவின் கோடு தட்டையாகக் கிடந்தது.

கைதவறி அதையும் அழித்துவிட்டோமோ என்று பார்த்தாள். திருத்தம் எதுவும் பதிவாகவில்லை. கிழவருடைய எழுத்துகள் இருந்த இடத்தில் எழுத்துகள் இல்லை. இருந்ததே இல்லை என்பது போல.

சென்னையிலிருந்து வந்த அசலை மறுபடி இறக்கினால் சரியாகிவிடும். இணையம் வரவில்லை. சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்ததில் கம்பி அறுந்துவிட்டதென்று கீழிருந்து நாராயணசாமி சொன்னார். கைப்பேசியில் பேச மட்டும் முடிந்தது.

மதியம் பச்சமுத்து கூப்பிட்டார். எச்சில் கொடுத்தவர்களுக்குத் தருவதாகச் சொன்ன போர்வைகளைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, “பிச்சமுத்துப் பெரிசு நேத்து சாயங்காலம் போய்ச் சேந்துடுச்சி மேடம்,” என்றார்.

“எப்பிடி?”

“வயசுதான். நல்லாத்தான் பேசிக்கினு இருந்துதாம். குந்தன மேனிக்கே போயிடுச்சி. வாய மூடவே முடியலயாம், துணி வெச்சிக் கட்டி எடுத்துக்கினு போனாங்க.”

வயசானவர்தான். அவள் அதைத் தனக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

திரையில் மேல் வரிசை தட்டையாகவே இருந்தது. கீழே பூஜ்யத்தின் கோட்டை உற்றுப் பார்த்தாள். இடது ஓரத்தில் ஒரு புடைப்பு. ஒரே ஒரு மேடு. கருப்பு.

அதை அழித்தாள்.

*

அடுத்த நாள் காலை கமலாவின் கோடு போயிருந்தது.

இலக்கியா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பச்சமுத்துவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் பெண்களின் ஒப்பாரி.

“மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். மலை மேலதான் கீறேன்.”

“கமலாவுக்கு இன்னா ஆச்சி?”

“ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“கமலாவுக்கு இன்னா ஆச்சி அண்ணா?”

“கமலாவுக்கு ஒண்ணும் இல்ல. அவ குந்திக்கினுதான் கீறா. புள்ளதான் போயிடுச்சி. பாலு குடிச்சிட்டுத் தூங்கனது. வாயத் தொறந்த மேனிக்கே...” குரல் தாழ்ந்தது. “கன்னம் உள்ளுக்குள்ள தேஞ்சி ரத்தமா கீது மேடம். எலி கிலி கடிச்சிருக்கும்ன்றாங்க.”

அவள் திரையில் தட்டையாகக் கிடந்த கோட்டைப் பார்த்தாள்.

“சின்னப்பொண்ணு ஒங்களாண்ட பேசணும்னு சொல்லுது.”

காற்று இரைந்தது. பிறகு நிதானமான குரல்.

“ஏம்மா. என் புள்ள பங்கு எங்க?”

இலக்கியா கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

“அவன் ஊரெல்லாம் வந்து கேட்டுக்கினு கீறான். வூட்டுக்கு வூடு. நான் குடுத்தத குடுத்துடு.”

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தால் மணி அடிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே அறை இருட்டியது. மின்சாரமும் போயிற்று, குளிர்ப்பெட்டியின் உறுமல் நின்றதும் வீட்டின் காது அடைத்தது போல இருந்தது. மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும். அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்து மாவுப் பாத்திரத்தை நகர்த்திக் குப்பிகள் இருந்த பெட்டியை எடுத்தாள். பூஜ்யம் என்று எழுதியிருந்த குப்பியைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. ஈரம்கூட இல்லை. அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. சாமைக் கஞ்சியின் ஆடை போல, மெல்லியதாக.

அதை அப்படியே வைத்துவிட்டுத் திரைக்கு ஓடினாள்.

அழித்ததைத் திருப்பி வைத்துவிட வேண்டும். எப்படி? அசல் இல்லை. சின்னப்பொண்ணுவின் கோடு இருந்தால் போதும், தாயின் எழுத்தும் மகனின் எழுத்தும் ஒன்றுதான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. தன்னுடையதைத்தான் மகனுக்குக் கொடுத்திருந்தாள்.

அடுத்த அறையில் யாழினி பாட்டு மாதிரி எதையோ முனகிக்கொண்டிருந்தாள்.

திரையில் நிர்மலாவின் கோடு அசைந்தது.

அவள் கண் முன்னால். இடது ஓரத்திலிருந்து. முதல் மேடு நிறம் வெளுத்தது. குறுகியது. படுத்தது. அடுத்தது. அடுத்தது. பச்சை, பச்சை, சிவப்பு. மண் சுவர் மழையில் கரைவது போல ஓசையே இல்லாமல். கன்னம் புடைப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த பெண். இரட்டைச் சடை. சிவப்பு ரிப்பன்.

பூஜ்யத்தின் கோட்டில் மேடு ஒன்றும் எழவில்லை. எவ்வளவு போனாலும் அங்கே நிரம்பவில்லை.

ஏதாவது கொடுக்க வேண்டும். இப்போதே. யாருடையதை? ஊரில் எவருடையதைக் கொடுத்தாலும் அந்த வீட்டுக்குத்தான் போவான்.

தன்னுடைய கோடு பூஜ்யத்துக்கு நேர்மேலே நின்றது. உயரமாக, தெளிவாக. அவள் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை வந்திருக்காது. என்னுதுதான, என்று மட்டும் நினைத்தாள். தன் கோடு முழுவதையும் தேர்ந்து, நகலெடுத்து, பூஜ்யத்தின் இடத்தில் ஒட்டினாள். பூஜ்யம் என்ற பெயரை எடுத்துவிட்டுச் சடையன் என்று எழுதினாள்.

சேமித்தாள்.

நிர்மலாவின் கோடு நின்றது. பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. காத்திருந்தாள். அதன்பிறகு ஒரு மேடும் சாயவில்லை.

இலக்கியா மூச்சை விட்டாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். துடித்தது. நாடியைப் பிடித்தாள். கன்னத்தின் உள்ளே நாக்கால் துழாவினாள். வலி இல்லை. ரத்தச் சுவை இல்லை. வெறும் எழுத்து. ஒரு படம். கீழ்வீட்டில் நாராயணசாமி யாரையோ தேநீர் போடச் சொல்கிற குரல் கேட்டது. சாதாரணமான குரல். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தன் கோட்டைப் பார்த்தாள்.

இடது ஓரத்தில் ஒரு மேடு வெளுத்திருந்தது.

சரி. அவள் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள். இரண்டாவது மேடு. மூன்றாவது. காத்திருந்தாள். எங்கே வலிக்கும் என்று உடம்பு முழுவதும் தேடினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். நீலம் போனது. கருப்பு போனது. தட்டை நீண்டது.

ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

கமலாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. குந்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

இலக்கியாவின் கை நாற்காலியிலிருந்து நழுவியது.

எனக்கும் ஒனக்கும் ஒண்ணுதான்.

முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது?

“யாழினி.”

மழை.

“யாழினிம்மா.”

எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. ஐந்தாறு அடிதான் அந்தக் கதவு. கால் ஒவ்வொன்றும் சேற்றிலிருந்து பிடுங்கியது போல வந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளிருந்து வாடை. காய்ந்த கடுக்காய். வெட்டிய பச்சைமரம். ஆடை கட்டிய கஞ்சி.

தள்ளினாள்.

யாழினி பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. மார்பு ஏறி இறங்கியது. தூக்கம். பக்கத்தில் நோட்டு, திறந்த பென்சில் டப்பா. அறையில் வேறு யாரும் இல்லை.

பாயின் தலைமாட்டில் தரை அமுங்கியிருந்தது போலத் தெரிந்தது. சிமென்ட் தரை. யாரோ மண்டியிட்டிருப்பது போல, இரண்டு வட்டம், ஈரமாக.

குழந்தையின் வாய் மெல்லத் திறந்தது. தானாக அல்ல. தாடையைப் பிடித்துத் திறப்பது போல.

இலக்கியா கத்தினாள். சத்தம் வரவில்லை. அவள் வாய்க்குள் பஞ்சு அடைத்தது போல வறண்டு கிடந்தது. கால் எழவில்லை.

யாழினியின் இடது கன்னம் உள்ளிருந்து புடைத்தது. சிறிய புடைப்பு. குச்சி நுனி அளவு.

அது நகர ஆரம்பித்தது. வட்டமாக. நிதானமாக. மற்றவர்களுக்குச் சுற்றிய அளவு.